சிப்காட் பக்கத்து ஏரி: கம்பெனிப் பணமும் அரசுப் பணமும் ஒரே வேலையில் சேருமா?

(உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மடைமுகம் (கேள்வி)

வணக்கம். வட மாவட்டம் ஒன்றில், சிப்காட் வளாகத்தை ஒட்டிய ஏரி. நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளது. ஆயக்கட்டு (ஏரிநீர் பாயும் நிலம்) 150 ஏக்கர், நீர்ப்பரப்பு 45 ஹெக்டேர், கரை நீளம் 1.6 கி.மீ., நீர்பிடிப்புப் பகுதி சுமார் 5 சதுர கி.மீ. கலங்கல் (ஏரி நிரம்பினால் நீர் வழிந்து வெளியேறும் இடம்) ஒன்று, நீளம் 20 மீட்டர். மதகு (பாசனத்துக்கு நீர் திறக்கும் வாய்) மூன்று, அதில் ஒன்று முழுக்கத் தூர்ந்துவிட்டது. மேலே இருக்கும் நகராட்சியிலிருந்து தினமும் ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர் கழிவுநீர், அதாவது 4 எம்.எல்.டி., வரத்துக் கால்வாய் வழியாக ஏரிக்குள் இறங்குகிறது.

ஊராட்சியும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கமும் சேர்ந்து ஒரு திட்டம் தயாரித்துள்ளன. மொத்த மதிப்பீடு 3.2 கோடி ரூபாய். 1,20,000 கன மீட்டர் தூர்வாருவதுதான் அதில் பெரும்பங்கு. மீதி கரை, கலங்கல், மதகு, வரத்துக் கால்வாய். சிப்காட்டில் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து 80 லட்சம் தரத் தயார் என்கின்றன.

கேட்க வேண்டியவை: அரசுத் திட்டப் பணத்தையும் கம்பெனிப் பணத்தையும் தணிக்கையில் சிக்காமல் சேர்ப்பது எப்படி? சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சட்டப்படி செய்யும் சமூகப் பொறுப்புச் செலவு) தவிர, "முதலீடு" என்ற பெயரில் தனியார் பணம் இந்த மாதிரி வேலைக்கு வருமா? பசுமைப் பத்திரம் (சுற்றுச்சூழல் வேலைக்காகத் திரட்டும் கடன் பத்திரம்), பசுமைக் காலநிலை நிதியம் (ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் உள்ள உலக நிதி) என்றெல்லாம் படிக்கிறோம், நமக்கு எட்டுமா? கடைசியாக, வேலை முடிந்த பிறகு பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து?

பழைய ஓவர்சியர்

பணத்தைப் பிறகு பார்ப்போம். இந்த எஸ்டிமேட்டைப் பிரித்துப் போடாமல் யாரிடமும் கொண்டு போகாதீர்கள்.

1,20,000 கன மீட்டர் மண்ணை எங்கே கொட்டப் போகிறீர்கள்? விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளும் அனுமதி நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. உங்கள் ஆயக்கட்டு முழுக்க எடுத்தாலும் 150 × 75 = 11,250 கன மீட்டர்தான் போகும். மொத்த மண்ணும் வயலுக்குப் போக வேண்டுமென்றால் 1,600 ஏக்கர் நஞ்சை வேண்டும். கரையைப் பலப்படுத்த மீட்டருக்கு 6 கன மீட்டர் வீதம் போட்டால் 1.6 கி.மீ.க்கு 9,600. ஆக, போக்கிடம் இருக்கிற மண் சுமார் 21,000 கன மீட்டர். சுற்றுவட்டப் புஞ்சைக்காரர்களையும் சேர்த்தால் 30,000 வரை போகலாம். அதற்கு மேல் எடுக்கிற ஒவ்வொரு லோடுக்கும் டிப்பர் வாடகை, இறக்கும் இடம், கொஞ்ச நாளில் "மண் விற்கிறார்கள்" என்ற புகார், எல்லாம் வரும். தூர்வாரும் அளவை 30,000-க்குக் குறையுங்கள். அதுவே 3 கோடி லிட்டர் கூடுதல் கொள்ளளவு.

எங்கே தோண்டுவது என்பது எவ்வளவு தோண்டுவது என்பதைவிட முக்கியம். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது. கிணற்று ஊற்றுக்கு உதவும், அவ்வளவே. அது தப்பில்லை, ஆனால் "பாசன வசதி கூடும்" என்று அறிக்கையில் எழுதினால் பொய். களிமண் படுகையைக் கிழித்து மணல் அடுக்கைத் தொட்டுவிட்டால் ஏரி தைப் பொங்கலுக்கு முன்பே வற்றிவிடும். ஆகவே முதலில் 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரு மட்டம் எடுத்து, பத்துப் பன்னிரண்டு சோதனைக் குழி வெட்டி, வண்டல் எவ்வளவு, பழைய தரை எங்கே என்று பாருங்கள். கரை அடியிலிருந்து கரை உயரத்தின் இரண்டு மடங்கு தூரத்துக்குள் பொக்லைன் வாளி படக்கூடாது.

கழிவுநீர் வருகிற ஏரி, பக்கத்தில் சிப்காட் வேறு. வண்டலைப் பரிசோதிக்காமல் வயலுக்குக் கொடுக்காதீர்கள். நுழைமுகத்தில் தொடங்கி ஐந்தாறு இடங்களில், 0–30 செ.மீ., 30–60 செ.மீ. என ஆழவாரியாக மாதிரி எடுத்து கன உலோகம் பாருங்கள். தோல் பதனிடும் பகுதி என்றால் குரோமியம் கட்டாயம். நுழைமுகத்து மண் கெட்டிருந்தால் அதை மட்டும் தனியாகக் கையாள வேண்டும்; அந்தச் செலவு உங்கள் 3.2 கோடியில் இல்லை.

இப்போது காலநிலை விஷயம். உங்கள் திட்டத்தில் "தகவமைப்பு" என்று சொல்லத் தகுந்தது ஒன்றே ஒன்று: கலங்கல். 20 மீட்டர் கலங்கலில் 0.6 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் 1.7 × 20 × 0.6-இன் ஒன்றரை அடுக்கு, அதாவது விநாடிக்குச் சுமார் 16 கன மீட்டர் வெளியேறும். 5 சதுர கி.மீ. நீர்பிடிப்பில் ஒரு மணி நேரத்துக்கு 60 மி.மீ. அடித்தால், ஓட்டக் கெழு (பெய்த மழையில் ஓடி வரும் பங்கு) 0.4 என்று வைத்துக்கொண்டாலும் உள்ளே வருவது விநாடிக்கு 33 கன மீட்டர். ஏரி ஏற்கெனவே நிரம்பியிருக்கிற நாளில் இது வந்தால் கரை மேலே ஏறித்தான் போகும். அதே 0.6 மீட்டரில் 33-ஐ வெளியேற்ற 42 மீட்டர் கலங்கல் வேண்டும். இது தோராயக் கணக்கு. உங்கள் ஊர் மழைமானியின் மணிவாரிப் பதிவை வைத்துச் சரியாகப் போடுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அந்த வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டத்தில் எத்தனை குளங்கள் உடைந்தன என்று எல்லோரும் பார்த்தோம். பழைய ஏரியைப் பழையபடி ஆக்குவதற்கு மராமத்து என்று பெயர். இனி வரப்போகும் மழைக்கு ஏற்ப மாற்றுவதுதான் தகவமைப்பு.

ஊரில் சிலர் "கலங்கலை ஒரு அடி உயர்த்துங்கள், தண்ணீர் கூட நிற்கும்" என்பார்கள். கரையை உயர்த்தாமல் கலங்கலை மட்டும் உயர்த்துவது ஏரி உடைவதற்கான நேர் வழி. கலங்கலை நீட்டினாலும் கீழே பாருங்கள்: போக்குக் கால்வாய் அந்த நீரைத் தாங்குமா, அடுத்த ஏரியின் கலங்கல் தாங்குமா? சங்கிலி ஏரியில் மேல் ஏரியை மட்டும் சரிசெய்தால் கீழ் ஊரில் வெள்ளம்.

கரைக்கு மண் போடும்போது 20–25 செ.மீ. தளர் அடுக்காகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, ரோலர் ஓட்டி, அடுக்குக்கு அடுக்கு அடர்த்தி எடுங்கள். பிராக்டர் அடர்த்தியில் (ஆய்வகச் சோதனையில் அந்த மண் எட்டும் உச்ச அடர்த்தி) 95%-க்குக் குறையக் கூடாது. பொக்லைன் வாளியால் தட்டிவிட்டுப் போகிற கரை முதல் மழையிலேயே விரிசல் விடும். வண்டல் மண் கரைக்கு ஆகாது. களி கலந்த மண் வேண்டும்.

பேலன்ஸ் ஷீட்

ஓவர்சியர் ஐயா வேலையைப் பிரித்துவிட்டார். அதே பிரிவின்படிதான் பணத்தையும் பிரிக்க வேண்டும். ஒரே உண்டியலில் எல்லாப் பணத்தையும் போட்டு ஒரே எஸ்டிமேட்டாக நடத்துவதுதான் தணிக்கையில் மாட்டும் வழி. கரையின் 0 முதல் 800 மீட்டர் வரை ஒருவர், 800 முதல் 1,600 வரை இன்னொருவர் என்று கல் நட்டுப் பிரியுங்கள். இல்லையென்றால் கரை ஒருவர், வரத்துக் கால்வாய் ஒருவர். ஒவ்வொன்றுக்கும் தனி எஸ்டிமேட், தனி அளவுப் புத்தகம், வேலைக்கு முன்னும் பின்னும் மட்ட அளவீடு. ஊரக வேலை உறுதித் திட்ட (ஊர்ப் பேச்சில் நூறு நாள் வேலை) ஆட்களை வரத்துக் கால்வாயில் போட்டீர்களானால் அதே நீளத்தில் கம்பெனியின் பொக்லைன் இறங்கக் கூடாது. அந்தத் திட்டத்தில் ஒப்பந்ததாரருக்கு இடமில்லை. ஒரே 300 மீட்டர் கால்வாய் இரண்டு பில்லில் ஏறுவதுதான் இந்த மாதிரிக் கூட்டு வேலைகளில் வழக்கமாக வரும் தணிக்கைத் தடை.

இனி சிஎஸ்ஆர். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2% செலவிட வேண்டும். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. கேட்கும்போது அதைச் சுட்டிக்காட்டுங்கள். அட்டவணை 7-இல் சுற்றுச்சூழல், இயற்கை வளப் பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை ஆகியவை உண்டு. ஏரி வேலை அதில் அடங்கும்.

சிக்கல்கள் நான்கு இடத்தில் வரும்.

முதலாவது, காலம். கம்பெனி வாரியம் பிப்ரவரியில் பணம் ஒதுக்கி மார்ச் 31-க்குள் செலவாக வேண்டும் என்னும். ஏரி காய்வதோ ஏப்ரலில்தான். இதற்கு வழி, தொடர் திட்டம் என்று வாரியத் தீர்மானத்தில் முன்கூட்டியே எழுத வைப்பது. அப்போது செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் செலவழிக்கப்படாத சிஎஸ்ஆர் கணக்கு என்ற தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டு வரை செலவிடலாம். தொடர் திட்டம் என்று எழுதாமல் விட்டால், மீதிப் பணம் ஆறு மாதத்துக்குள் அட்டவணை 7-இல் உள்ள அரசு நிதி ஏதாவது ஒன்றுக்குப் போய்விடும். உங்கள் ஏரிக்குத் திரும்பி வராது.

இரண்டாவது, யார் கையில் பணம். கம்பெனியே நேரடியாக ஒப்பந்ததாரரை வைத்துச் செய்யலாம். அறக்கட்டளை மூலம் என்றால் அதற்கு சிஎஸ்ஆர்-1 பதிவு எண் வேண்டும், வருமான வரிப் பதிவுகள் வேண்டும், வெளி அமைப்பாக இருந்தால் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் கணக்குக்கு நேராகப் பணம் போடச் சொல்லாதீர்கள். நிர்வாகச் செலவுக்கு 5% உச்சவரம்பு உண்டு என்றாலும் அது கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கு. திட்ட மேற்பார்வைப் பொறியாளரின் சம்பளம் திட்டச் செலவிலேயே வரும்.

மூன்றாவது, சொத்து யாருடையது. சிஎஸ்ஆர் பணத்தில் உருவாகும் சொத்து பொது அதிகார அமைப்பிடமோ, பயனாளிகளின் கூட்டமைப்பிடமோ, பதிவு பெற்ற அறக்கட்டளை போன்றவற்றிடமோதான் இருக்கலாம். கம்பெனியிடம் இருக்கக் கூடாது. ஆகவே நீர்வளத் துறையின் எழுத்துபூர்வ அனுமதியும், முடிந்த பிறகு ஒப்படைப்புச் சான்றும் கோப்பில் இருக்க வேண்டும்.

நான்காவதுதான் பலர் கவனிக்காதது. 2021 ஜனவரித் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு அமைப்பின் மூலநிதிக்குப் பணம் போடுவதை சிஎஸ்ஆர் செலவாக ஏற்பதில்லை. "ஐம்பது லட்சம் டெபாசிட் போடுங்கள், வட்டியில் பராமரிக்கிறோம்" என்ற வழி அடைபட்டுவிட்டது. பராமரிப்பைத் தொடர் திட்டத்துக்குள்ளேயே மூன்று ஆண்டுக்கு வரி வரியாகப் போட்டு வாங்குங்கள்.

ஒரு நல்ல செய்தி. தாக்க மதிப்பீடு கட்டாயமாவது, 10 கோடிக்கு மேல் சிஎஸ்ஆர் கடமை உள்ள கம்பெனிக்கு, அதுவும் 1 கோடிக்கு மேற்பட்ட திட்டத்துக்கு. உங்கள் 80 லட்சத்துக்கு அது வராது.

கடைமடை

எல்லாம் சரிங்க. கம்பெனிக்காரன் பணம் போட்டுவிட்டு நாளைக்கு ஏரித் தண்ணியில் பங்கு கேட்டால்? வளாகத்தில் ஏழெட்டு ஆழ்துளைக் கிணறு போட்டு ஏரி ஊற்றை உறிஞ்சுகிறவனே அவன்தானே. நியாயப்படி பார்த்தால் அவன் தானம் தர வேண்டியதில்லை, அபராதம் கட்ட வேண்டும். சிஎஸ்ஆர் போர்டு ஒன்று கரையில் நட்டு, போட்டோ எடுத்து, அதோடு கணக்குத் தீர்ந்தது என்று விடப் போகிறோமா?

பேலன்ஸ் ஷீட்

கடைமடை அண்ணன் கேட்பது நியாயம். சட்டமும் அதில் பாதியை ஒத்துக்கொள்கிறது. ஆலையின் கழிவைச் சுத்திகரிப்பது, நிபந்தனைப்படி மழைநீர் சேகரிப்பது, வளாகத்துக்குள் வெள்ளத் தடுப்பு கட்டுவது இவை சிஎஸ்ஆர் ஆகாது. வேறு சட்டத்தின் கீழ் செய்தே ஆக வேண்டிய வேலையும், வழக்கமான தொழிலின் பகுதியும் கணக்கில் சேராது. இவற்றை சிஎஸ்ஆர் பட்டியலில் நுழைக்கக் கம்பெனி முயன்றால் மறுத்துவிடுங்கள். அவர்களுக்கே பின்னால் ஆபத்து.

தண்ணீர் உரிமைக்கு ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி போதும்: "இப்பங்களிப்பால் நிறுவனத்துக்கு ஏரி நீர், நிலத்தடி நீர், மண், மீன், நிலம் எதன்மீதும் எவ்வித உரிமையும் உண்டாகாது." கூடவே, ஏரி நிலத்தில் நிறுவனத்தின் பெயர்ப் பலகையின் அளவையும் எண்ணிக்கையையும் எழுதிவிடுங்கள். சின்ன விஷயம்போல் தெரியும், சண்டை அங்கேதான் வரும்.

தானத்தைத் தாண்டிக் கம்பெனியை அசைக்க வேறொரு பிடி உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022–23 முதல் செபி (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம்) விதிப்படி வணிகப் பொறுப்பு அறிக்கை கொடுத்தாக வேண்டும். எவ்வளவு தண்ணீர் எடுக்கிறோம் என்று அதில் எழுத வேண்டும். நீர்நெருக்கடிப் பகுதியில் எவ்வளவு என்பதை விரும்பினால் எழுதலாம். இந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால், சிஎஸ்ஆர் அதிகாரியை விட்டுவிட்டு ஆலை மேலாளரிடம் போங்கள். கோடையில் எத்தனை நாள் டேங்கர் தண்ணீரில் ஓட்டினார்கள், மழையில் எத்தனை ஷிப்ட் நின்றது என்று கேளுங்கள். அந்த நஷ்டத்தைத் தவிர்க்கத் தருகிற பணம்தான் முதலீடு. அது 2%-க்குள் அடங்கிய பணமும் அல்ல.

நீர்க்கட்டணம்

மேலே சொன்ன கடைசிப் பத்தியிலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் கேள்வியில் இருக்கிற பெரிய விஷயத்தை யாரும் இன்னும் தொடவில்லை: அந்த 4 எம்.எல்.டி.

ஓவர்சியர் குறைத்துச் சொன்ன 30,000 கன மீட்டர் தூர்வாரலால் கிடைக்கும் கூடுதல் கொள்ளளவு, இந்தக் கழிவுநீர் ஓடையில் ஏழரை நாள் ஓட்டம். ஆண்டுக்கு 14.6 லட்சம் கன மீட்டர். மழை பொய்த்த ஆண்டிலும் வரும். வறட்சிக்கு எதிரான உங்கள் ஊரின் மிகப் பெரிய சொத்து இப்போது ஏரியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தத் திட்டத்தில் தனியார் முதலீடு, அதாவது திருப்பி எடுக்கிற எண்ணத்தோடு போடுகிற பணம், வர வாய்ப்புள்ள ஒரே இடமும் அதுதான். காரணம் எளிது: அங்கே தண்ணீரை வாங்க ஆள் இருக்கிறார். கரைக்கும் கலங்கலுக்கும் யாரும் மாதாமாதம் பணம் கட்டப் போவதில்லை. ஆகவே அங்கே அரசுப் பணமும் தானமும் மட்டும்தான்.

முன்மாதிரிகள் உண்டு. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் ஆகிய இரண்டு இடங்களில் தலா 45 எம்.எல்.டி. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு (கழிவுநீரைத் தொழிற்சாலைக்கு ஏற்ற தரத்துக்குக் கொண்டுவரும் கடைசிக் கட்டம்) ஆலைகள் 2019 முதல் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் தருகின்றன. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறது, கொடுங்கையூர்த் தண்ணீர் மணலிக்கு. மதுராவில் 20 எம்.எல்.டி. சுத்திகரித்த நீரை இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலை வாங்குகிறது. அங்கே கங்கைத் திட்டத்தின் கலப்பு ஆண்டுத்தொகை முறை: கட்டுமானச் செலவில் 40% கட்டும்போதே அரசு தருகிறது, மீதி 60% பதினைந்து ஆண்டுகளில் தவணையாக, ஆலை சரியாக ஓடினால் மட்டும். இந்த முறைக்கு முன்பு கட்டிமுடித்துவிட்டுப் போன ஒப்பந்ததாரர்களின் ஆலைகள் மின் கட்டணம் கட்ட ஆளில்லாமல் நின்றன.

கணக்கின் போக்கைக் காட்ட ஒரு எடுத்துக்காட்டு. எண்கள் என் அனுமானம், உங்கள் ஊர் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 4 எம்.எல்.டி. வந்து 3 எம்.எல்.டி. விற்கும் ஆலை, மூலதனம் 20 கோடி, வட்டி 10%, 15 ஆண்டு. ஆண்டுத் தவணை 2.63 கோடி. இயக்கப் பராமரிப்பு 1.8 கோடி. 90% தண்ணீர் விற்றால் கிலோலிட்டருக்கு 45 ரூபாய் வந்தால்தான் கட்டுப்படியாகும். மூலதனத்தில் 40% அரசு மானியம் என்றால் அதே கணக்கு 34 ரூபாய்க்கு இறங்கும். இதுவரை எல்லோரும் போடுகிற கணக்கு. போடாமல் விடுவது இது: கம்பெனிகள் 60% மட்டும் வாங்கினால், மானியம் இல்லாமல் 67 ரூபாய், மானியத்தோடு 51. மானியத்தால் குறைந்த 11 ரூபாயை, வாங்காமல் விட்ட தண்ணீர் 17 ரூபாயாகத் தின்றுவிடுகிறது. ஆகவே வங்கி முதலில் கேட்பது மானிய உத்தரவை அல்ல. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டுகிற கொள்முதல் ஒப்பந்தத்தை. மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2010-இல் வந்ததும் அப்படிப்பட்ட நீண்டகாலக் கொள்முதல் உறுதியின்மேல்தான். 10 ஆண்டுக்குக் குறையாத ஒப்பந்தம், குறைந்தபட்ச அளவு, மின்கட்டண உயர்வுக்கேற்ப விலை மாற்றம், பணம் நேராகப் போய்ச் சேரும் எஸ்க்ரோ கணக்கு (ஒப்பந்தப்படி மட்டுமே பணம் பிரிந்து போகும் வங்கிக் கணக்கு). இந்த நான்கும் இல்லாத நீர் விற்பனைத் திட்டத்துக்குக் கடன் கிடைக்காது.

எச்சரிக்கை ஒன்று. ஒரு பக்கம் கம்பெனியிடம் இந்தத் தண்ணீரை விற்க முயலும்போது, மறுபக்கம் அதே கம்பெனி ஆழ்துளைக் கிணற்றில் ஏறக்குறைய இலவசமாக எடுக்க முடிந்தால் யார் வாங்குவார்? நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்துவது அரசின் கையில். ஒரு ரூபாய் செலவில்லாமல் அரசு செய்யக்கூடிய முதலீட்டு ஊக்குவிப்பு அதுதான். மானியத்தைவிட அது வேலை செய்யும்.

பத்திரம் பற்றிக் கேட்டீர்கள். சென்னை மாநகராட்சி 2025 மே மாதம் 200 கோடிக்கு நகராட்சிப் பத்திரம் வெளியிட்டது, வட்டி 7.97%, கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகாலுக்காக. அது சென்னை. சிறு நகராட்சி தனியாகப் பத்திரம் போட முடியாது. தரமதிப்பீடு, சட்டச் செலவு எல்லாம் சேர்ந்து வட்டியைவிடக் கூடிவிடும். ஆனால் கூட்டாகப் போட முடியும் என்பதை இந்தியாவுக்கே காட்டியது தமிழ்நாடு. 2002-இல் பதின்மூன்று சிறு உள்ளாட்சிகளைச் சேர்த்து, தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் வழியாக 30.41 கோடிக்குக் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்குப் பத்திரம் வெளியானது. அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனத்தின் உத்தரவாதம், 15 ஆண்டு, 9.2% வட்டி. உங்கள் நகராட்சியின் சுத்திகரிப்பு ஆலையை இப்படி ஒரு கூட்டில் சேர்க்கலாம். ஏரிக் கரையைச் சேர்க்க முடியாது.

பசுமைக் காலநிலை நிதியம் உங்களுக்கானது அல்ல. அவர்கள் குறுந்திட்டம் என்று சொல்வதே 1 கோடி டாலர் வரை, உங்கள் 3.2 கோடி ரூபாய் அவர்களின் ஆவணச் செலவுக்குக் காணாது. இந்தியாவில் அதற்கும் தழுவல் நிதியத்துக்கும் (காலநிலைத் தகவமைப்புக்கான இன்னொரு உலக நிதி) அங்கீகாரம் பெற்ற அமைப்பு நபார்டு (வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி). ராஜஸ்தானிலும் தமிழ்நாட்டிலும் நீர்வடிப்பகுதித் திட்டங்களைக் காலநிலைக்கு ஏற்ப மாற்றத் தழுவல் நிதியத்தின் பணம் வந்ததும் நபார்டு வழியாகத்தான். பத்துப் பதினைந்து ஏரிகள் கொண்ட முழுச் சங்கிலியாக மாநில அரசு எடுத்துச் சென்றால் மட்டும் அந்தக் கதவைத் தட்டலாம்.

கலங்கலுக்கும் கரைக்கும் உங்கள் முதல் இடம் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம். 15-வது நிதிக்குழு மாநிலப் பேரிடர் நிதியை 80:20 என்று பிரித்து, அந்த 20%-ஐ வெள்ளம் வந்தபின் நிவாரணம் தர அல்ல, வருமுன் தடுக்க என்று ஒதுக்கியது. தேசிய அளவில் அதே தணிப்பு நிதியிலிருந்துதான் 2023 இறுதியில் சென்னை வடிநில வெள்ளத் திட்டத்துக்கு 561.29 கோடி ஒப்புதல் ஆனது. ஆட்சியர் தலைமையிலான ஆணையத்துக்கு "தூர்வார வேண்டும்" என்று எழுதினால் நீர்வளத் துறைக்குத் தள்ளிவிடுவார்கள். "இப்போதைய கலங்கல் 16 கன மீட்டர் தாங்கும், வரக்கூடியது 33, உடைந்தால் கீழே இத்தனை வீடு, ஒரு துணை மின்நிலையம், ஒரு பள்ளி" என்று வரைபடத்தோடு எழுதுங்கள்.

மடைமுகம்

அனைவருக்கும் நன்றி. இதன்படி மாற்றிப் பிரித்துப் பார்க்கிறேன்: கலங்கல், கரை இரண்டும் தணிப்பு நிதிக்கு, வரத்துக் கால்வாய் மேற்பகுதி நூறு நாள் வேலைக்கு, மதகு, நுழைமுகத்தில் வண்டல் தொட்டி, 30,000 கன மீட்டர் தூர்வாரல், மூன்றாண்டுப் பராமரிப்பு ஆகியவை கம்பெனிகளின் 80 லட்சத்துக்கு, கழிவுநீர் ஆலை நகராட்சியின் தனித் திட்டம். இரண்டு சந்தேகம். கழிவுநீரைத் திருப்பிவிட்டால் அதையே நம்பிக் கோடைப் போகம் வைக்கிற கீழ் மடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மூன்று ஆண்டு முடிந்த பிறகு பராமரிப்பு?

கடைமடை

சும்மா இருக்க மாட்டோம். நேராகச் சொல்லிவிடுகிறேன்: 4-இல் 3-ஐ விற்றால் மிச்சம் 1 எங்கே போகிறது என்பதை இப்போதே எழுதுங்கள். இரண்டாம் நிலை வரை சுத்தம் செய்த தண்ணீரில் ஒரு பங்கு ஏரிக்கே வர வேண்டும், அதுவும் கோடையில் எவ்வளவு என்று மாதவாரியாக. இதைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கம்பெனி தரப்பும் கையெழுத்துப் போடுகிற மாதிரி வையுங்கள். இல்லையென்றால் வறட்சி ஆண்டில் 3 என்பது 4 ஆகிவிடும்.

அந்த ஒரு பங்கு போதுமா என்றால், இப்போது பாய்ச்சுகிற பாணியில் போதாது. நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்கு ஒரு அடி பிளாஸ்டிக் குழாய் போதும். 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. விட்டம், கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை. பாதி மண்ணுக்குள் இறக்கி உள்மண்ணை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனதும் 5 செ.மீ. கட்டினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. ஆனால் வயலுக்கு வயல் வழியவிட்டுப் பாய்ச்சுகிற இடத்தில் இது நடக்காது. மேல் வயல்காரன் காய்ச்சலில் இருந்தால் கீழ் வயல்காரனுக்கும் காய்ச்சல்தான். வயல் வாய்க்கால் தனித்தனியாக வெட்டினால்தான் பலன். அந்த வாய்க்கால் வேலை உங்கள் எஸ்டிமேட்டில் இல்லை, சேருங்கள். கிணற்றுப் பாசனத்தில் காய்கறி வைப்பவர்களுக்கு சொட்டுநீர். சிறு, குறு விவசாயிக்கு 100%, மற்றவர்களுக்கு 75% மானியம் தமிழ்நாட்டில் இருக்கிறது. சிறு, குறு விவசாயி சான்று தாசில்தாரிடம் வாங்குவதில்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். சங்கம் ஒரே நாளில் முகாம் வைத்து மொத்தமாக வாங்கிக் கொடுங்கள்.

வயலைக் காயவிடுவதால் மீத்தேன் (புவியைச் சூடாக்கும் வாயு) குறைகிறது, அதற்குக் கார்பன் பணம் தருகிறோம் என்று யாராவது வந்தால், கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை ஆண்டு கட்டுப்பாடு, அளவீட்டுச் செலவு யாருடையது, பணம் விற்ற விலையில் பங்கா அல்லது ஏக்கருக்கு இவ்வளவு என்ற நிலைத்தொகையா. ஒரு சங்கமாகப் பேசினால் பதில் கிடைக்கும், தனியாகப் பேசினால் படிவம் மட்டும் கிடைக்கும்.

பழைய ஓவர்சியர்

பராமரிப்புக்கு: முதலில் தொகையைக் கண்டுபிடியுங்கள். உங்கள் அளவு ஏரிக்கு ஆண்டுதோறும் வேண்டியது, கரையில் முளைக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பது, மதகுத் திருகுக்கு கிரீஸ், ஷட்டருக்குப் பெயின்ட், நுழைமுக வண்டல் தொட்டியை ஐப்பசிக்கு முன் ஒருமுறை காலி செய்வது, மழைக்காலத்தில் இரவுக்காவல் ஒருவர், ஐம்பது மண்மூட்டைக்குச் சாக்கும் மணலும். இதைத் தாண்டி எதையும் அந்தக் கணக்கில் போடாதீர்கள். பூங்கா, நடைபாதை விளக்கு எல்லாம் போட்டால் அதுதான் எல்லாப் பணத்தையும் சாப்பிடும்.

வருமானத்துக்கு மூன்று வாய். மீன்பாசி ஏலத்தொகை யார் கணக்குக்குப் போகிறது என்று பார்த்து, அதில் ஒரு பங்கு பராமரிப்புக்கு என்று கிராமசபைத் தீர்மானமும் துறை ஒப்புதலும் வாங்குங்கள். குடிமராமத்து (ஊர்க்காரர்களே நீர்நிலையைச் சீரமைக்கும் முறை) 2017-இல் திரும்ப வந்தபோது சங்கங்கள் 10% பங்கு போட்டன. அதுபோல ஏக்கருக்கு ஒரு தொகை, பணமாகவோ ஆளாகவோ. மூன்றாவது, சுத்திகரித்த நீர் விலையில் கிலோலிட்டருக்கு ஒரு ரூபாய் ஏரிக் கட்டணம் என்று கொள்முதல் ஒப்பந்தத்திலேயே சேர்ப்பது. 90% விற்றால் ஆண்டுக்குச் சுமார் 9.9 லட்சம் வரும். மேலே சொன்ன பட்டியலுக்கு அது தாராளம், கலங்கல் பழுதுக்கும் மிச்சம் பிடிக்கலாம். நகராட்சி அதைத் தன் பொதுக்கணக்கில் வாங்கினால் ஏரிக்கு வராது, ஆகவே எஸ்க்ரோவில் இருந்தே பிரிந்து போகும்படி இப்போதே எழுதச் சொல்லுங்கள்.

வேலை வரிசை: அளவீடும் மண் பரிசோதனையும் தை, மாசியில். எல்லைக் கல் நடுவதும் ஆக்கிரமிப்பு அகற்றுவதும் அதோடு சேர்த்து. 2007-இன் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கவே நாள் பிடிக்கும். கலங்கல் கான்கிரீட் வைகாசிக்குள் முடிய வேண்டும். கரை மண் வேலை ஆவணியோடு நிற்கட்டும். புரட்டாசியில் போட்ட மண் இறுகுவதற்குள் மழை வந்துவிடும்.